வாழைப்பழக் கேக்: சர்க்கரையைக் குறைத்தும் ஈரம் குறையாமல் செய்வது எப்படி?

"மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டேன், சர்க்கரையைப் பாதியாக்கி வெல்லம் சேர்த்தேன், வெண்ணெயையும் குறைத்தேன். வாழைப்பழக் கேக் முதல் நாளே தொண்டையை அடைக்கிறது, மறுநாள் கல்லாகிவிடுகிறது. ஈரப்பதமும் வேண்டும், உடம்புக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாமியாருக்கு நீரிழிவு, வீட்டில் சிலர் முட்டையைத் தொடமாட்டார்கள் என்ற நிபந்தனைகளும் கூடவே இருக்கின்றன.

மூன்று மாற்றங்களையும் ஒரே கேக்கில் செய்ததில்தான் சிக்கல். சர்க்கரை இனிப்புக்கு, வெண்ணெய் ருசிக்கு என்று நினைத்துக்கொண்டு இரண்டிலும் கை வைக்கிறோம். சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, மாவின் பசையம் (மாவுக்கு இழுவையைத் தரும் குளூட்டன்) இறுகாமல் பார்த்துக்கொள்கிறது, மேல்பாகம் பொன்னிறமாகச் சிவக்க உதவுகிறது. கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் படிந்து அதே இறுக்கத்தை இன்னொரு வழியில் தடுக்கிறது. கோதுமை மாவோ தவிடு கலந்தது, சக்கியில், அதாவது கல் எந்திரத்தில், அரைபடும்போது மாவுச்சத்தும் நொறுங்கியிருக்கும். மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். ஈரத்தைக் காத்த இருவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, ஈரத்தைக் குடிக்கும் ஒருவரை உள்ளே விட்டிருக்கிறீர்கள். குறைப்பதில் தவறில்லை. குறைத்ததன் வேலையை வேறு யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்யக்கூடியது பழம். ஆனால் அது சரியான பழமாக இருக்க வேண்டும்.

காயாக இருக்கும்போது வாழையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. நன்றாகக் கனிந்தபின் அதில் ஓரிரு சதவீதமே மிஞ்சும், மற்றதெல்லாம் சர்க்கரையாகிவிடும். அதனால்தான் அரைகுறையாகக் கனிந்த பழத்தைப் போட்டால் கேக் பிசுபிசுப்பும் வறட்சியுமாக, இரண்டும் கெட்டானாக வருகிறது. தோல் மஞ்சளாகி ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்தால் கையில் எடுத்துச் சாப்பிடச் சரியான பதம். கேக்குக்கு இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். தோலில் பாதிக்கு மேல் கறுத்து, மெலிந்து, தூக்கினால் காம்பிலிருந்து பழம் தானே கழன்றுவிட வேண்டும். உரித்துப் பார்த்தால் சதை வெள்ளையாக இருக்காது; தேன் நிறத்துக்கு வந்து, ஓரங்களில் லேசாக ஒளி ஊடுருவும். முள்கரண்டியை மேலே வைத்தால் அழுத்தாமலேயே இறங்கும். வாசனை கனத்த இனிப்பாக இருக்க வேண்டும். கள் வாடை அடித்து நீர் வடியத் தொடங்கியிருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

அவசரமென்றால் நம் வீடுகளின் பழைய வழியே போதும்: அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு வெளியேறாமல் அங்கேயே சுற்றி விரைவாகக் கனிய வைக்கும். ஓவனில் தோலோடு வைத்துக் கறுக்க வைக்கும் குறுக்கு வழியை நம்ப வேண்டாம். தோல் கறுக்கும், சதை குழையும், ஆனால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் செயலிழந்துவிடுவதால் இனிப்பு பெரிதாகக் கூடாது. கனிந்துவிட்டது, இன்று செய்ய நேரமில்லை என்றால் உரித்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உருகும்போது பழுப்பு நிறத்தில் நீர் பிரியும். பலர் அதை வடித்துவிடுகிறார்கள். வாசனையும் இனிப்பும் அதில்தான் இருக்கின்றன, சேர்த்தே பிசையுங்கள்.

அடுத்தது ரகம். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுச் செய்முறைகள் "மூன்று வாழைப்பழம்" என்று எழுதும்போது நம் ஊர்க் கடைகளில் ரோபஸ்டா, மோரிஸ் என்று விற்கும் பச்சை வாழை வகையை மனத்தில் வைத்தே எழுதுகின்றன. உரித்த பழம் ஒன்று 115, 120 கிராம் வரும். மூன்று ஏலக்கியைச் சேர்த்தாலும் அந்த ஒரு பழத்தின் எடையைத்தான் எட்டும். வறண்ட கேக்குகளில் பாதிக்கு இந்த எண்ணிக்கைக் குழப்பமே காரணம் என்பது என் கணிப்பு. பழத்தை எண்ணாதீர்கள், உரித்து எடை போடுங்கள்.

ரோபஸ்டா நன்றாக மசியும், நீர்ச்சத்தும் உண்டு, ஆனால் மணம் குறைவு. பூவனில் மெல்லிய புளிப்பு இருப்பதால் சமையல் சோடாவோடு ஒத்துப்போகும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பதுதான் எனக்குப் பிடித்த சேர்க்கை. சர்க்கரையை இன்னும் குறைக்க நினைப்பவர்களுக்குக் கற்பூரவல்லி. நம் ரகங்களில் இனிப்பு மிகுந்தவற்றில் ஒன்று. ஆனால் சில பழங்களில் மிளகளவு கறுப்பு விதைகள் இருக்கும், பல் போகும்; பிசைந்தபின் விரலால் தடவிப் பாருங்கள். ரஸ்தாளியின் வாசனை அருமை, ஆனால் கனிந்த பழத்திலும் நடுவில் கட்டி தட்டியிருப்பதுண்டு. சல்லடையில் தேய்த்து எடுக்கப் பொறுமை வேண்டும். நேந்திரத்தில் நீர் குறைவு, மாவுத்தன்மை அதிகம். முழுக்கக் கறுத்த பழத்தை ஆவியில் வேகவைத்து மசித்து, கூடுதலாகத் தயிர் விட்டால் கெட்டியான, கேரள வாசனை கொண்ட கேக் வரும். மலைவாழையையும் செவ்வாழையையும் ஓவனில் வைப்பது வீண் செலவு, அப்படியே சாப்பிடுங்கள்.

இனி அளவு. எட்டரை அங்குல ரொட்டி டின் ஒன்றுக்கு: உரித்து மசித்த பழம் 300 கிராம், கோதுமை மாவு 220 கிராம், பொடித்துச் சலித்த வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை 80 கிராம், கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 50 மில்லி, முட்டை இரண்டு, புளித்த தயிர் மூன்று மேசைக்கரண்டி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காயும் சுக்கும் உங்கள் விருப்பம். உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பைக் குறைத்த கேக்கில் அதுதான் ருசியைத் தூக்கிக் கொடுக்கும். வெல்லத்தில் மண் இருந்து காய்ச்சி வடிகட்டுவதானால், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் விட்டுக் கரைத்து, தயிரில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாகை ஆறவைத்தே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முட்டை வெந்துவிடும்.

எண்ணெயைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெண்ணெய்க்கு மணம் உண்டு. ஆனால் ஆறினால் இறுகும். எண்ணெய் அறைச் சூட்டிலும் திரவமாகவே இருப்பதால் மறுநாள் கேக்கைப் பிட்டாலும் வாயில் மெத்தென்று இருக்கும். வெண்ணெயின் எடையில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். தேங்காய் எண்ணெயை ஆரோக்கியம் என்று சொல்லி ஊற்றுகிறவர்கள், அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதையும் நினைவில் வைக்கலாம். வாசனைக்காக ஒரு கரண்டி என்றால் தவறில்லை.

பழத்தை மிக்ஸியில் அடிக்க வேண்டாம். முள்கரண்டியால் மசித்து, ஆங்காங்கே பட்டாணி அளவு துண்டுகள் தெரிய விட்டுவிடுங்கள். வெந்தபின் அந்த இடங்கள் ஈரமான சிறு பைகளாக நிற்கும். அதில் வெல்லம், எண்ணெய், முட்டை, தயிர் எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். மாவு, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் தனியாகச் சலித்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் ஈரக்கலவையில் கொட்டி, அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்காதீர்கள். உலர்ந்த மாவுக் கோடுகள் ஒன்றிரண்டு தெரியும்போதே கையை எடுத்துவிட வேண்டும். நன்றாகக் கலக்கியாக வேண்டும் என்று நம் கை பரபரக்கும். தோசை மாவுப் பழக்கம் அது. இங்கே கலக்கக் கலக்கப் பசையம் இழுபட்டு, கேக்கில் புழு துளைத்த மாதிரி நீளமான ஓட்டைகளும் ரப்பர் தன்மையும் வரும். கோதுமை மாவென்றால் கலவையைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். தவிடு குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்துவிடும், மிச்சமிருந்த கோடுகளும் கரைந்திருக்கும். அதன்பின் கரண்டியைத் தூக்கினால் கலவை பொத்தென்று விழ வேண்டும், ஊற்றுப்போல் ஓடக் கூடாது. பொத்தென்றுகூட விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு கரண்டி பால் விடலாம்.

சோடா விஷயத்தில் தாராளம் காட்டாதீர்கள். பழத்தின் புளிப்பு மிதமானது. தயிர் கொஞ்சம் துணை நிற்கும். அதற்கு மேல் போன சோடா சோப்பு ருசியைக் கொடுப்பதோடு கேக்கைச் செங்கறுப்பாக்கிவிடும்.

ஓவனை 175 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். உள்ளே காற்றாடி சுற்றும் வகையென்றால் 155, 160 போதும். 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். வீட்டு ஓவன்களின் திருகு காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் பல வேளைகளில் சம்பந்தமிருக்காது என்பதால் 45ஆவது நிமிடத்திலிருந்தே கவனம் தேவை. குச்சியைச் செருகி எடுத்தால் சுத்தமாக வர வேண்டும் என்று சொல்வார்கள். இந்தக் கேக்குக்கு அந்த விதி பொருந்தாது. ஈர மாவு ஒட்டக் கூடாது, ஆனால் நான்கைந்து ஈரத் துகள்கள் ஒட்டியிருக்க வேண்டும். குச்சி முழுச் சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் ஓரங்கள் காய்ந்துவிட்டன என்று பொருள். சமையலறை வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: நடுவில் 95 டிகிரியை ஒட்டி வந்தால் எடுத்துவிடலாம். மேலே சீக்கிரம் சிவந்தால் கடைசி 20 நிமிடம் அலுமினியத் தாளால் மூடுங்கள். வெளியே எடுத்தபின் டின்னிலேயே பத்து நிமிடம், பிறகு கம்பித் தட்டில். டின்னிலேயே ஆறவிட்டால் நீராவி அடியில் தங்கி நசநசக்கும்.

இப்போது ஆரோக்கியக் கணக்கு. வழக்கமான செய்முறை ஒன்றில் 250 கிராம் மைதாவுக்கு 200 கிராம் சர்க்கரையும் 115 கிராம் வெண்ணெயும் போகும். பத்துத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் 20 கிராம் சேர்த்த சர்க்கரை, சுமார் 300 கலோரி. மேலே சொன்ன அளவில் ஒரு துண்டுக்கு 8 கிராம், சுமார் 190 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம். முழுப் பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை அந்தக் கணக்கில் வராது, தேனும் பழச்சாறும் வரும். ஆக, பழைய முறையில் ஒரு துண்டிலேயே அன்றைய ஒதுக்கீட்டின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. காப்பி, டீக்கெல்லாம் எங்கே போவது?

வெல்லம் போட்டதால் ஆரோக்கியம் வந்துவிட்டது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வெல்லமும் பனங்கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் ருசியில் உயர்ந்தவை, சிறிதளவு தாதுக்களும் உண்டு. ஆனால் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கிராமுக்குக் கிராம் கலோரியும் கிட்டத்தட்ட அதே. பேரீச்சம்பழ விழுதும் அப்படியே: 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, நார்ச்சத்து கூடவே வருகிறது என்பது மட்டும் அனுகூலம். "சர்க்கரை இல்லை, எண்ணெய் இல்லை, மாவு இல்லை" என்று ஓட்ஸையும் வாழைப்பழத்தையும் பேரீச்சையையும் மிக்ஸியில் அடித்து வேகவைக்கும் செய்முறைகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. வருவது களி. களியில் குறையொன்றுமில்லை, ஆனால் அதைக் கேக் என்று பரிமாறினால் குழந்தைகள் இரண்டாம் முறை தட்டை நீட்டமாட்டார்கள்.

உங்கள் மாமியாருக்கு: கோதுமை, பழம், வெல்லம் மூன்றும் சேர்ந்து ஒரு துண்டில் ஏறத்தாழ 30 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும், இரண்டு மூன்று இட்லிக்குச் சமம். எனவே வீட்டில் செய்தது, வெல்லம் போட்டது என்று சலுகை கொடுக்க முடியாது. மருத்துவர் வகுத்த உணவு அளவுக்குள் இட்லியைக் குறைத்துவிட்டு அதற்கு ஈடாக ஒரு மெல்லிய துண்டு கொடுக்கலாம். கற்பூரவல்லி பயன்படுத்தினால் வெல்லத்தை 40 கிராமுக்குக்கூட இறக்கலாம். ஈரம் கொஞ்சம் குறையும், தயிரில் ஒரு கரண்டி கூட்டி, நான்கு மேசைக்கரண்டி வறுத்த வேர்க்கடலையோ பாதாமோ பொடித்துச் சேர்த்தால் சமாளிக்கலாம். செயற்கை இனிப்புப் பொடிகள் இனிப்பைத் தருமே தவிர, சர்க்கரை செய்யும் மற்ற வேலைகளைச் செய்யாது.

படிப்படியாக மாற்ற விரும்பினால் என் வரிசை இது. முதலில் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். நன்கு கனிந்த பழமென்றால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அடுத்த முறை கொழுப்பு. ஆனால் இந்த அளவுக்கு 40 மில்லிக்குக் கீழே போகாதீர்கள். கடைசியில்தான் மாவு: முதலில் மைதாவும் கோதுமையும் பாதிக்குப் பாதி, பிறகு முழுக் கோதுமை. கேழ்வரகு சேர்க்க ஆசையென்றால் மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். அதில் பசையம் இல்லை, அதற்கு மேல் போனால் வெட்டும்போதே உதிரும்.

சர்க்கரையைக் குறைக்கக் கூடாத இனிப்பும் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தம் அடுப்பில் ஏறுவதில்லை. நீர் குறைந்த மலைவாழையோடு சேரும் இனிப்புதான் அதைக் கெடாமல் காக்கிறது. அதில் பாதியாக்கினால் ஓரிரு நாளில் நுரைத்துவிடும். அதைச் சிறு கரண்டியால் சாப்பிடுவதுதான் தீர்வு. கேசரி அப்படியில்லை. ஒரு பங்கு ரவைக்கு இரண்டு பங்கு சர்க்கரை என்பது கடைக் கணக்கு; இரண்டு பூவன் பழத்தைப் பிசைந்து நெய்யில் வதக்கிச் சேர்த்து, முக்கால் பங்கு சர்க்கரை போட்டாலே நிறைவாக இருக்கும். கோதுமை அப்பத்தை எண்ணெய்ச் சட்டியில் போடுவதற்குப் பதில் குழிப்பணியாரக் கல்லில் குழிக்கு நாலு சொட்டு நெய் விட்டுச் சுட்டெடுத்தால், பழம் சேர்ந்த மாவு என்பதால் உள்ளே பஞ்சாகவே இருக்கும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு இட்லிப் பானை இருக்கிறது. பாத்திரத்தில் எண்ணெய் தடவி, முக்கால் அளவு கலவை ஊற்றி, மேலே ஒரு துணி கட்டிய மூடியால் மூடி, 40 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். துணி இல்லாவிட்டால் மூடியில் சேரும் நீர் சொட்டி மேல்பாகம் குழைந்துவிடும். பொன்னிறம் வராது, ஓவனின் வறுபட்ட வாசனையும் இருக்காது, ஈரத்தில் மட்டும் இதை மிஞ்ச முடியாது.

முட்டை வேண்டாம் என்றால், இரண்டு முட்டைக்குப் பதில் தயிரை மொத்தம் 130 கிராமாக்கி, பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாக உயர்த்துங்கள். அல்லது இரண்டு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை ஆறு மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேருங்கள். முட்டைக்குப் பதில் இன்னொரு வாழைப்பழம் என்ற யோசனை மற்றக் கேக்குகளுக்குச் சரி, ஏற்கெனவே பழம் நிறைந்த இதில் சரிவராது. நடுப்பகுதி வேகாமல் அமுங்கிவிடும். முட்டையில்லாத கலவையைப் பெரிய டின்னில் ஊற்றாமல் மஃபின் கிண்ணங்களில் பிரித்து 20, 22 நிமிடம் வேகவையுங்கள். சிறிய அளவில் சூடு நடுவரை சீக்கிரம் போய்ச்சேரும்.

வெந்த அன்றே வெட்டாமல், ஆறியபின் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் மூடி மறுநாள் எடுத்தால் ஈரம் ஓரங்களுக்கும் பரவி ருசி கூடியிருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைக்காதீர்கள்; அந்தக் குளிரில்தான் வெந்த மாவுச்சத்து வேகமாக இறுகும், மறுநாள் கல்லாவதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். அதற்காகச் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் வெக்கையில் மூன்று நாள் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டாம் நாள் முடிவதற்குள் மிச்சத்தைத் துண்டு போட்டு, இடையில் பேப்பர் வைத்து ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள். வேண்டும்போது ஒரு துண்டை எடுத்து, தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிபோட்டு இருபுறமும் இரண்டிரண்டு நிமிடம் வாட்டினால் போதும்.